என் ஆய்வேடு சேரின் பெயரில் கட்டுரையாக வந்திருக்கிறது: யாரிடம், எப்படி முறையிடுவது?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். பொகவந்தலாவைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் வேலைநேரம், சம்பளம் பற்றி ஆய்வு செய்து முதுதத்துவமாணி (எம்.பில்) பட்டமும் வாங்கிவிட்டார். போன மாதம் கூகிளில் எதையோ தேடும்போது ஓர் ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை கண்ணில் பட்டிருக்கிறது. அதிலுள்ள அட்டவணைகள் அவருடையவை. பெண்களின் வாய்மொழிகள் அவர் ஒலிப்பதிவு செய்தவை. ஆசிரியர்களாக மேற்பார்வையாளரான சேரின் பெயரும் அதே துறையில் இருக்கும் இன்னொருவரின் பெயரும் இருக்கின்றன. இவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. "வேலைக்குப் போட அந்த சேரின் கடிதம் வேண்டும். நண்பர்கள் பேஸ்புக்கில் போடு என்கிறார்கள், அண்ணா துணைவேந்தருக்குப் பெட்டிசம் எழுது என்கிறார். நான் என்ன செய்வது?" என்பது கேள்வி.

முதலில் சுருக்கமான பதில். பேஸ்புக்கும் வேண்டாம், பெட்டிசமும் வேண்டாம், இன்றைக்கே சேருக்கு அழைப்பு எடுக்கவும் வேண்டாம். கட்டுரையின் பீடிஎப்பைப் பதிவிறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை இருக்கும் இணையப் பக்கத்தைத் திகதி தெரியும்படி படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை கிளம்பியதும் சில இதழ்களில் கட்டுரை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அப்புறம் ஆற அமர மிச்சத்தை வாசியுங்கள்.

மலையகத்தில் ஒரு சிறிய ஆய்விதழின் பதிப்புக் குழுவில் பல வருடங்கள் இருந்தவன் நான். வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை நியாயமானவைதான். ஆனாலும் பாதிக்கு மேல் எங்கும் போய்ச் சேராது. இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழைத்து, தவறான கதவைத் தட்டுவதுதான் காரணம். அச்சில் வந்த கட்டுரையைத் திருத்துவது ஒன்று. அதைச் செய்த ஆளை விசாரிப்பது இன்னொன்று. முதலாவது ஆய்விதழின் வேலை, இரண்டாவது பல்கலைக்கழகத்தின் வேலை. இதழாசிரியரிடம் போய் "இவருக்குத் தண்டனை கொடுங்கள்" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு ஆட்களை விசாரிக்கும் அதிகாரமில்லை. அதேபோல ஓர் இதழில் வந்த கட்டுரையைத் துணைவேந்தரால் நீக்க முடியாது.

உங்களுக்கு நடந்தது உண்மையில் என்ன வகைத் தவறு என்று பார்ப்போம். "என் பெயரைப் போடவில்லை" என்பதும் "என் எழுத்தைத் திருடினார்கள்" என்பதும் ஒன்றல்ல. இதழ்கள் இவற்றைக் கையாளும் விதமும் வேறு.

ஆசிரியர் யார் என்பதற்கு மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் அளவுகோல்தான் பரவலாகப் பயன்படுகிறது. 1978இல் வான்கூவரில் கூடிய சில இதழாசிரியர்களிலிருந்து தொடங்கிய குழு அது. நான்கு நிபந்தனைகள்: ஆய்வை வடிவமைப்பதிலோ தரவு சேகரிப்பதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கட்டுரையில் உள்ளவற்றுக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். இந்த நான்காவதை 2013இல்தான் சேர்த்தார்கள். இதைக் காட்டி "தங்கச்சி, நீங்கள் தரவு மட்டும்தானே சேர்த்தீர்கள், கட்டுரை எழுதியது நாங்கள்தானே" என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதம் நிற்காது. முதல் நிபந்தனைக்கு உரியவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்றும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. வரைவைக் காட்டாமலே விட்டுவிட்டு "அவர் எழுதவில்லை" என்று சொல்ல முடியாது. சமூக விஞ்ஞானத்தில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக் கோவை இன்னும் தெளிவாகப் பேசுகிறது: பலர் சேர்ந்து எழுதும் கட்டுரை ஒரு மாணவரின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைப் பெரிதும் சார்ந்திருந்தால், விதிவிலக்கான சூழ்நிலை தவிர மாணவரே முதன்மை ஆசிரியர். நம் நாட்டில் அது சட்டமல்ல, உங்களுடையது கலாநிதிப் பட்டமுமல்ல. ஆனாலும் வாதத்துக்குத் துணை நிற்கும்.

அந்த இரண்டாவது பெயர் யாருடையது என்பதையும் யோசியுங்கள். உங்கள் களத்துக்கே வராதவர், ஆய்வேட்டை மேற்பார்வை செய்யாதவர் என்றால், பெரும்பாலும் பதவி உயர்வுப் புள்ளிக்காகச் சேர்த்த 'அன்பளிப்பு ஆசிரியர்'தான். "இந்த முறை உன் பெயரை நான் போடுகிறேன், அடுத்த முறை என் பெயரை நீ போடு" என்ற கைமாற்று நம் கெம்பஸ்களில் சர்வசாதாரணம். யாரும் இதைப் பாவமாகவே நினைப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

எழுத்து விஷயம் வேறு. ஆய்வேட்டின் பந்திகள் மேற்கோளோ குறிப்போ இல்லாமல் அப்படியே கட்டுரையில் இருந்தால், மேற்பார்வையாளர் என்ற உறவு அதை மன்னிக்காது. அது கருத்துத் திருட்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நூலாசிரியருக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் உண்டு. ஆனால் அதே சட்டம் வெறும் எண்ணங்களுக்கும் வெறும் தரவுகளுக்கும் பாதுகாப்புக் கொடுப்பதில்லை. அதனால் "என் அட்டவணை, என் எண்கள்" என்று நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் செலவுதான் மிஞ்சும். ஆய்வு ஒழுக்கத்தின்படி அதே எண்கள் மிகப் பலமான சாட்சி. நீங்கள் நம்பியிருக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

இனி சாட்சி. இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது.

ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடது பக்கம் ஆய்வேடு, பக்க எண்ணோடு. வலது பக்கம் கட்டுரை, பக்க எண்ணோடு. ஒன்றுக்கு நேரே ஒன்று. விளக்கம் எழுதாதீர்கள், கோபத்தையும் எழுதாதீர்கள். "இது என் வாக்கியம்" என்றுகூட எழுத வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாசிப்பவருக்குத் தானாகத் தெரியும்.

எவற்றை முதலில் வைப்பது? சரியாக இருப்பவற்றைவிடப் பிழையாக இருப்பவைதான் பெறுமதி. இரண்டு பேர் ஒரே தோட்டத்தில் தனித்தனியாக ஆய்வு செய்தால் ஒரே முடிவு வரலாம், ஒரே பிழை வராது. உங்கள் அட்டவணையில் சதவீதங்களைக் கூட்டினால் 101 வருகிறது, கட்டுரையிலும் அதே நிரையில் 101 வருகிறதா? ஒரு டிவிஷனின் பெயரை நீங்கள் எழுத்துப் பிழையோடு எழுதியது அங்கும் அதே பிழையோடு இருக்கிறதா? அதை மேலே போடுங்கள். அடுத்தது வாய்மொழிகள். "பிரட்டுக்குப் பிந்திப் போனா அரைப்பேருதான் விழும்" (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் பிந்தினால் அரைநாள் சம்பளம்தான்) என்று ஒரு அக்கா உங்களிடம் சொன்னதாக வைப்போம். ஆய்வேட்டில் அவருக்கு நீங்கள் கொடுத்த அடையாள எண் 14, கட்டுரையில் அதே வாக்கியம் 3ஆம் எண் பெண் சொன்னதாக வருகிறது, வயதும் மாறியிருக்கிறது. அப்படி இருந்தால் அது எழுத்துத் திருட்டோடு நிற்கவில்லை, தரவைத் திரித்த கதையாகிறது. உங்கள் கையில் ஒலிப்பதிவு இருப்பதால் அதை நிரூபிக்கவும் முடியும்.

மூன்றாவது, ஒழுக்க அனுமதிக் கடிதம். மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வு என்பதால் உங்கள் பீடத்தின் மீளாய்வுக் குழுவிடம் அனுமதி வாங்கியிருப்பீர்கள். கட்டுரையின் கடைசியில் ஒழுக்க அனுமதி இலக்கம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இலக்கம் உங்களுடையதாக இருந்தால், உங்கள் பெயருக்கு வழங்கிய அனுமதியில் உங்கள் பெயர் இல்லாத கட்டுரை வந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் எந்த இதழாசிரியரும் சாக்குச் சொல்ல முடியாது. அனுமதி இலக்கமே இல்லையென்றால் அது வேறொரு கேள்வி, அதையும் கேட்கலாம்.

திகதிகளும் முக்கியம். கட்டுரையின் முதல் பக்கத்தில் எப்போது கிடைத்தது, எப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இருக்கும். உங்கள் ஆய்வேடு சமர்ப்பித்த திகதியையும், அதற்கு முன் அத்தியாயங்களை சேருக்கு அனுப்பிய ஈமெயில்களையும் அதோடு ஒப்பிடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள், போன் மாற்றினால் போய்விடும். களக் குறிப்பேட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோகொப்பி மட்டும்.

இதையெல்லாம் ஒரு மென்பொருள் செய்து தராதா என்று கேட்பீர்கள். டேர்னிட்டின், ஐதென்டிகேட் மாதிரியானவை ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் ஒப்பிடுவதில் கெட்டிக்காரர்கள். நம் பக்கம் நிலைமை வேறு. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பாமினி எழுத்துருவில் வளர்ந்தது. பழைய ஆய்வேடுகள், மாநாட்டுத் தொகுப்புகள், சில இதழ்கள் இன்றைக்கும் அதில்தான். திரையில் பார்க்கத் தமிழ்தான், ஆனால் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. பாமினியில் இருக்கும் ஒரு பந்தியை யாராவது யுனிகோடுக்கு மாற்றிக் கட்டுரையில் போட்டால் மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு பாஷை. "பொருத்தம் 0 சதவீதம்" என்ற அழகான அறிக்கை வரும், அதைப் பின்னிணைப்பாக வைத்துப் பதவி உயர்வுக்கும் போடலாம். தமிழ் ஆய்வேட்டை ஆங்கிலத்துக்கு மாற்றினாலோ, சிங்களக் கட்டுரையைத் தமிழுக்கு மாற்றினாலோ இதே கதைதான். அதனால் அந்தச் சதவீதத்தை நம்பவும் வேண்டாம், அதற்குப் பயப்படவும் வேண்டாம். மறுபக்கமாக, 30 சதவீதம் வந்த கட்டுரை உத்தமமானதாகவும் இருக்கலாம்: நூற்பட்டியல், சட்டப் பிரிவுகள், வழக்கமான முறையியல் வாக்கியங்கள் எல்லாம் அதில் சேரும். இரண்டு பத்தித் தாளும் ஒரு மனிதக் கண்ணும்தான் கடைசியில் தீர்ப்புச் சொல்லும்.

சரி, சாட்சி தயார். முதல் கதவு ஆய்விதழ்.

பதிப்பு நெறிகளுக்கென்று 1997இல் பிரித்தானிய இதழாசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய குழு ஒன்று இருக்கிறது, சுருக்கமாகக் கோப் (COPE) என்பார்கள். இன்று உலகெங்கும் இதழ்கள் அதில் அங்கம். கருத்துத் திருட்டுச் சந்தேகம், ஒரே கட்டுரை இரண்டு இதழில், ஆசிரியர் பட்டியல் தகராறு, புனைந்த தரவு என்று ஒவ்வொன்றுக்கும் இதழாசிரியர் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள். இலவசமாகவே கிடைக்கும். முறைப்பாடு கிடைத்ததாக இதழாசிரியர் உங்களுக்குப் பதில் போட வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். தொடர்பு ஆசிரியருக்கு, அதாவது கட்டுரை பற்றி இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவருக்கு, சாட்சிகளை அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மற்ற ஆசிரியர்களிடம், அதற்கும் மேல் அவர்களுடைய பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டும். முடிவை உங்களுக்கும் அறிவிக்க வேண்டும். ஆசிரியர் பட்டியல் தகராறு மட்டும் என்றால் பெரும்பாலான இதழ்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லாமல் பல்கலைக்கழகத்திடம் தள்ளிவிடும், அது முறைதான். அதனால்தான் எழுத்துப் பொருத்தத்தையும் பெயர் விடுபட்டதையும் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொல்கிறேன். முதலாவதை இதழ் தானே பார்க்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. "நாங்கள் கோப் வழிகாட்டலைப் பின்பற்றுகிறோம்" என்று இணையப் பக்கத்தில் எழுதுவதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. அங்கத்தவரா என்பதைக் கோப்பின் சொந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கத்தவராக இருந்து, இதழின் சொந்த முறைப்பாட்டு வழியும் முடிந்து, அதற்குப் பிறகும் முறைப்படி கையாளவில்லை என்றால் கோப்பிடம் எழுதலாம். அவர்களும் திருட்டு நடந்ததா என்று விசாரிக்க மாட்டார்கள், இதழ் முறையாக நடந்துகொண்டதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

இதழ் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ரகமாக இருந்தால் அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த ரகத்தில் பெரிய நிறுவனமான ஒமிக்ஸுக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டொலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது, அதற்காக அந்த ரக இதழ்கள் மறைந்துவிடவில்லை. அப்படியானால் நேரே பல்கலைக்கழகக் கதவுக்குப் போங்கள்.

இதழின் முடிவு எப்படி இருக்கும்? பெயர் விடுபட்டது மட்டும்தான் குறை, கண்டுபிடிப்பில் சந்தேகமில்லை என்றால் பெரும்பாலும் திருத்தக் குறிப்புப் போட்டுப் பெயரைச் சேர்ப்பார்கள். பெரிய அளவில் எழுத்து எடுக்கப்பட்டிருந்தால், அல்லது தரவில் நம்பிக்கை போய்விட்டால், கட்டுரையை மீளப்பெறுவார்கள், அதாவது அது இனிச் செல்லாது என்று அறிவிப்பார்கள். விசாரணை இழுபட்டால் இடைக்காலமாக ஓர் ஐயக் குறிப்புப் போடலாம். மீளப்பெற்ற கட்டுரையை இணையத்திலிருந்து அழித்துவிடுவது முறையல்ல. 'மீளப்பெறப்பட்டது' என்ற அடையாளத்தோடு அது அங்கேயே இருக்க வேண்டும், யார் மீளப்பெற்றார், ஏன் என்பதும் யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நம் சிறிய இதழ்களை நடத்துகிறவர்களும் இதை வாசிக்கக்கூடும், அவர்களுக்காக ஒரு வார்த்தை. முறைப்பாடு வந்ததும் கட்டுரையை மட்டும் கழற்றிவிட்டு, பக்க எண்ணை அப்படியே தாண்டிவிட்டு, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதைவிடக் கட்டுரையை அப்படியே விட்டுவைப்பது மேல். ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர் என்ன செய்வார்? முறைப்பாடு உங்கள் துறைத் தலைவர் மீது என்றால் நீங்கள் விலகிக்கொண்டு, வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பதிப்புக் குழு உறுப்பினர் ஒருவரிடம் முறைப்பாட்டைக் கொடுங்கள். பேராதனையிலும் கண்டியிலும் பதுளையிலும் எல்லோரும் எல்லோருக்கும் மாணவர் அல்லது மச்சான். விலகாமல் நீங்கள் எடுக்கும் நியாயமான முடிவையும் யாரும் நம்பமாட்டார்கள். மீளப்பெறுவதை மானக்கேடாக நினைக்கவும் தேவையில்லை. 2023இல் மட்டும் உலகம் முழுக்க 10,000க்கு மேல் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன, அதில் 8,000க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் வைத்திருந்த, மீளப்பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தை அதே வருடம் கிரொஸ்ரெப் என்ற நிறுவனம் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று யாரும் தேடிப் பார்க்கலாம், ஒளிக்க இடமில்லை.

எவ்வளவு காலம் எடுக்கும் என்றும் கேட்பீர்கள். மாதக்கணக்கு, சில வேளை வருடக்கணக்கு. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2004இல் இணை ஆசிரியர்களில் பெரும்பாலானோர் அதன் விளக்கப் பகுதியிலிருந்து விலகிக்கொண்டார்கள். முழுமையாக மீளப்பெற்றது 2010இல். உலகமே பார்த்துக்கொண்டிருந்த கட்டுரைக்கே 12 வருடம்! அதனால் இது முடிந்த பிறகுதான் வேலைக்குப் போடுவேன் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது கதவு, பல்கலைக்கழகம். கடிதம் பீடாதிபதிக்கு, அதன் பிரதி ஒன்று துணைவேந்தருக்கு. பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, அதே இரண்டு பத்தித் தாளை இணைத்துப் பதிவுத் தபாலில். அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒருவர் மீதான நடவடிக்கை ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரிகை, முறைசார் விசாரணை என்ற வரிசையில்தான் போகும், பேரவைதான் முடிவெடுக்கும். நடுவில் எந்தக் கடிதத்துக்கும் பதில் வராத காலம் ஒன்று இருக்கும். அப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் "என் இத்தனையாம் திகதிக் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். தமிழில் எழுதலாம். கோப்பு எங்கேயோ தூங்கினால் இந்த ஒரு பக்கக் கேள்வி அதை எழுப்பிவிடும்.

மொட்டைப் பெட்டிசம் பற்றி. தோட்டத்தில் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எதிராக எழுதிய காலத்திலிருந்தே நமக்குக் கைவந்த கலை அது, பயத்திலிருந்து வந்தது, நான் சிரிக்கவில்லை. பெயரில்லாத முறைப்பாட்டையும் குறிப்பான சாட்சி இருந்தால் இதழ்கள் கவனிக்க வேண்டும் என்பதே கோப்பின் நிலைப்பாடு. ஆனால் உங்கள் விஷயத்தில் பெயரை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. உங்கள் ஆய்வேட்டின் பந்திகளை வைத்து முறையிட வேறு யார் இருக்கிறார்கள்? பெட்டிசத்தின் உண்மையான கெடுதல் வேறு. திருட்டோடு சேர்த்து சேரின் குடும்ப விஷயம், லீவு விஷயம், யாரோடு தேநீர் குடித்தார் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு "தனிப்பட்ட குரோதம்" என்று மூடிவிடுவார்.

பேஸ்புக்கில் போட்டால் நாலு நாள் ஆதரவு கிடைக்கும், ஐந்தாம் நாள் வக்கீல் கடிதம் வரலாம். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்குப் போட வழியிருக்கிறது, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எங்கே எழுதினாலும் 'திருடர்' என்று ஆளைச் சொல்லாதீர்கள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக இருக்கின்றன" என்று எழுத்தைச் சொல்லுங்கள்.

சேரிடம் முதலில் பேசலாமா? எழுத்து எடுக்கப்படாமல், பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் மரியாதையாக ஓர் ஈமெயில் போடுவது நல்லது. அழைப்பு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அவர் பக்கத்திலும் கதை இருக்கலாம். பட்டம் கிடைத்ததும் போன் இலக்கத்தை மாற்றிவிட்டு, மூன்று முறை எழுதியும் பதில் போடாத மாணவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தலைப்பும் முறையும் மேற்பார்வையாளர் கொடுத்ததாக இருக்கலாம், அத்தியாயங்களை அவர் மறுபடி எழுதியும் இருக்கலாம். அப்படியானாலும் உங்கள் பெயரில்லாமல் போடுவதற்கு அது நியாயமாகாது, ஆனால் பேசித் தீர்க்க இடமிருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல வாய்மொழிகளும் அட்டவணைகளும் அப்படியே இருக்கின்றன, இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நேரே இதழுக்கு எழுதுவேன்.

கடிதம் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. தோட்டத்து லயன் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கெம்பஸுக்குப் போன பிள்ளைக்கு அந்த சேர் வாத்தியார் மட்டுமல்ல. பழைய லெப்டொப் கொடுத்தவராகவும், விடுதிக்குப் பணம் கட்ட வழி காட்டியவராகவும் இருந்திருப்பார். "நன்றி கெட்டவள்" என்று ஒருவர் சொன்னால் போதும், அப்பா அம்மா வரைக்கும் அது போகும். நன்றிக்கு நன்றியுரை இருக்கிறது, உங்கள் ஆய்வேட்டில் அதை ஏற்கெனவே எழுதியும் இருப்பீர்கள். கடிதத்துக்கு வேறு வழி பாருங்கள்: ஆய்வேட்டைப் பரிசோதித்த வெளிப் பரீட்சகர், முதலாம் பட்டத்தில் கற்பித்த விரிவுரையாளர், களத்தில் உங்களோடு வேலை செய்த தொண்டு நிறுவனத்தின் இணைப்பாளர். முறைப்பாடு போவதற்கு முன் அவர்களிடம் வாங்கி வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு 1925லிருந்து வரலாறு. செடியை, மண்ணை, கொழுந்தை அளந்தார்கள். பிறகு சுகாதார ஆய்வு என்று வந்து நம் பிள்ளைகளின் உயரம், நிறை, இரத்தத்தில் இரும்பு எல்லாம் அளந்தார்கள். எந்தக் கட்டுரையிலும் தோட்டத்து ஆட்கள் 'மாதிரி'யாகத்தான் வந்தார்கள். அளக்கப்பட்டவர்களின் பிள்ளை அளவுகோலைக் கையில் எடுப்பது அண்மைக்காலச் சங்கதி. அதனால் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் சம்மதித்தது யாரிடம், எதற்கு? துரையிடம் அனுமதி வாங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்க வைத்து எடுத்த சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணமாட்டேன், துரை சொன்னால் யார் மாட்டேன் என்பார்? நீங்கள் லயத்துக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, "தோட்டம் பேர் வராது அக்கா" என்று சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள். கட்டுரையில் தோட்டத்தின் பெயரோ டிவிஷனோ, ஆளை அடையாளம் காட்டும் விபரமோ வந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். சம்பளப் பிடிப்பு பற்றிக் குறை சொன்ன ஒருவரை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமென்றால், முறைப்பாட்டின் முதல் பந்தி அதுவாக இருக்கட்டும். உங்கள் பெயர் விஷயம் இரண்டாவதாக வரலாம்.

இன்னொன்று. "உங்கள் பெயரைச் சேர்க்கிறோம், முறைப்பாட்டை முடித்துக்கொள்வோமா" என்று இதழோ சேரோ கேட்கலாம். உடனே சரி என்று சொல்லாதீர்கள். பெயர் சேர்ந்த நிமிடத்திலிருந்து அந்தக் கட்டுரையின் ஒவ்வோர் எண்ணுக்கும் நீங்களும் பொறுப்பு. அடையாள எண்ணும் வயதும் மாறியிருக்கிற கட்டுரையில் பெயர் போட்டால், நாளைக்கு அது மீளப்பெறப்படும்போது பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள். மயக்கமருந்து ஆய்வாளர் யோஷிதாக்க ஃபுஜி என்ற ஜப்பானியர் 172 கட்டுரைகளில் தரவைப் புனைந்திருந்தார் என்று 2012இல் விசாரணை சொன்னபோது, அவரோடு பெயர் போட்டிருந்தவர்கள் மீதும் கேள்வி எழுந்தது. முதலில் முழுக் கட்டுரையையும் உங்கள் மூலத் தரவோடு வைத்துச் சரிபாருங்கள். பிழை இருந்தால் பெயரைச் சேர்க்கக் கேட்காதீர்கள், மீளப்பெறக் கேளுங்கள். பிறகு உங்கள் கட்டுரையை நீங்களே எழுதலாம்.

இதழுக்கான கடிதத்தை ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: "உங்கள் இதழின் இந்தத் தொகுதியில் வந்த இந்தக் கட்டுரைக்கும், இந்த வருடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கும் இடையில் பொருத்தங்கள் இருக்கின்றன. பக்கவாரியான ஒப்பீடு இணைப்பு 1. ஒழுக்க அனுமதிக் கடிதம் இணைப்பு 2. ஆய்வேடு கட்டுரையில் குறிப்பிடப்படவில்லை. கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது எனக்குத் தெரியாது, என் சம்மதம் பெறப்படவில்லை. அடையாள எண் மாறிய இடங்கள் இணைப்பு 3. ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன, பங்குபற்றியோரின் இரகசியம் காத்து, தேவையானால் காட்டத் தயார். உங்கள் இதழின் நெறிமுறைப்படி இதைப் பரிசீலித்து, கடிதம் கிடைத்ததை அறியத் தரவும்." அவ்வளவுதான். முதன்மை ஆசிரியருக்கு அனுப்பி, பதிப்பகத்தின் நெறிமுறைப் பிரிவுக்குப் பிரதி வையுங்கள். சேருக்குப் பிரதி போட வேண்டாம், அவரிடம் கேட்பது இதழின் வேலை.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அதே ஈமெயிலின் கீழேயே நினைவூட்டல் போடுங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள். அதற்கும் இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பீடாதிபதிக்கான கடிதத்தைத் தபாலில் சேருங்கள். இதழுக்கு எழுதிய திகதிகளை அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள், பதிவுத் தபால் துண்டையும் பத்திரமாக வையுங்கள்.